தெற்கெல்லை

எங்கள் வீட்டில் படிவம் நிரப்புவது என் வேலை. ஒன்பது வயதில் கனடாவின் மொன்றியலுக்கு வந்து, பிரெஞ்சில் நாலு வசனம் பேசப் பழகியவுடன் அது என் தலையில் விழுந்தது. வாடகை ஒப்பந்தம், அம்மாவின் மருந்துக் காப்புறுதி, தங்கச்சியின் கார்டெரி என்ற குழந்தைக் காப்பக விண்ணப்பம், அப்பா பாத்திரம் கழுவும் உணவகத்தில் கையை வெட்டிக்கொண்டபோது எழுதிய விபத்து அறிக்கை, எல்லாம் என் எழுத்தில்தான் இருக்கின்றன. அப்பா மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அம்மா ஐந்து. பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது அப்பா கேட்டது ஒரே கேள்வி: "அப்ப காணிப் படம் கீறுவியோ?"

கீறுவேன் என்றேன். போன மாசி மாதம் கீறியும் கொடுத்தேன். அந்தப் படத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. யார்மேல் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் எங்களுக்கு எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர், தென்னங்காணி இருக்கிறது. இருக்கிறது என்று எழுதுகிறேனே தவிர நான் அதைக் கண்டதில்லை. நான் பிறப்பதற்கு முன்பே ஆமி அதைச் சுற்றிக் கம்பி அடித்துவிட்டது. காணி உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், இடம்பெயர்ந்தபோது தொலைந்து போனது. முகாமின் ஒரு பகுதியை விடப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது அப்பா இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் தொலைபேசியோடு இருந்தார். உறுதி இல்லாதவர்கள் ஒரு சத்தியக்கடதாசி கொடுக்கலாம், அதில் படமும் நாலு எல்லையும் இருக்க வேண்டும், எல்லைக் காணிக்காரர் ஒருவராவது கையொப்பமிட வேண்டும் என்று பிரதேச செயலகத்தில் சொன்னார்கள். சித்திரை முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால் அந்த எட்டுப் பரப்பு உரிமை கோரப்படாத காணி.

யாழ்ப்பாணத்து உறுதிகளில் ஒரு காணிக்கு அடையாளம் அதைச் சுற்றியிருக்கும் மனிதர்கள்தான். கிழக்கே இன்னாருடைய காணி, தெற்கே இன்னாருடைய காணி என்றுதான் எழுதியிருக்கும். பக்கத்துக் காணிக்காரன் ஓம் என்று சொன்னால்தான் என்னுடையது என்னுடையது. எங்களுக்கு வடக்கே குளக்கரை, மேற்கே ஒழுங்கை. இரண்டும் கையெழுத்து வைக்காது. கிழக்கே இருந்தவர் இப்போது இங்கே ஆற்றுக்கு அந்தப் பக்கம் லவாலில் இருக்கிறார். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே கிழக்கெல்லை. "கிழக்கெல்லை போன் எடுத்தவர்" என்பார் அம்மா. ஊரிலும் அப்படித்தான் சொல்வார்களாம். தெற்கு எல்லைக்கு யாருடைய பெயரை எழுத என்று கேட்டேன். அப்பா வெங்காயம் உரித்துக்கொண்டே, "அதுவும் அவற்ர தான்" என்றார். எழுதினேன்.

கிழக்கெல்லைக்காரரை அப்பா அண்ணை என்பார், நான் மாமா என்பேன். உறவு இல்லை. அப்பாவின் அகதி விசாரணையில் மொழிபெயர்த்தது அவர். அப்பா முதல் பனிக்காலத்தில் போட்ட குளிர்ச் சட்டை அவருடையது. எங்கள் ஊர்ச்சங்கத்துக்கு அவர்தான் தலைவர். சங்கத்தின் ஆண்டு மலருக்கு "படிக்கிற பெடியன், நீ ரெண்டு பக்கம் எழு​து" என்று என்னிடம் கேட்டதும் அவர்தான்.

நான் எழுதியது பாலஸ்தீனத்தைப் பற்றி.

அதற்குக் காரணம், என்னோடு வேலை செய்யும் ஒரு மனிதர். கோட்-டெ-நெய்ஜில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. வாரத்தில் மூன்று பின்னேரம் அதன் துணி அறையில் வேலை செய்கிறேன். பெரிய விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து இழுத்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து மூலைகளை ஒன்று சேர்க்க வேண்டும். இரண்டு வருடமாக என் எதிரே நடந்து வருபவர் லெபனானில் ஓர் அகதி முகாமில் பிறந்த பாலஸ்தீனர். அறுபது வயதிருக்கும். நாங்கள் பேசிக்கொள்வது பிரெஞ்சில். அவருடைய பிரெஞ்சு முகாமில் படித்தது, என்னுடையது இங்கே படித்தது. அதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவர் தன் ஊரைக் கண்டதில்லை. அவருடைய அப்பா கண்டவர். தோட்டத்தின் எல்லைகளை அப்பா வாயால் சொல்லச் சொல்லப் பாடமாக்கியிருக்கிறார்: ஒரு பக்கம் பெரியப்பாவின் ஒலிவ மரங்கள், மறுபக்கம் கிணறு, அதற்கு அங்கால் ஒரு விதவையின் நிலம். ஒரு நாள் துணிக் கணக்குச் சீட்டின் பின்பக்கத்தில் அதை எனக்குக் கீறிக் காட்டினார். கனடாவுக்கு வந்தபோது கொடுத்த முதல் கடதாசியில் நாடற்றவர் என்று போட்டிருந்தது என்றும் சொன்னார். "லெபனானில் பாலஸ்தீனன் என்று தள்ளி வைத்தார்கள். இங்கே அப்படி ஒன்றும் இல்லை என்று எழுதினார்கள். என் மருமகன் சொல்கிறான், நாம் யார் என்பது நமக்குத் தெரிந்தால் போதும், நிலத்தை விடுங்கள் என்று. என் தம்பி சொல்கிறான், நிலம் இல்லாவிட்டால் அது கலியாண வீட்டில் பாடும் பாட்டு மட்டும்தான் என்று. பெருநாளுக்குப் பெருநாள் இரண்டு பேரும் கத்துவார்கள். நான் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்."

நான் அந்த இரண்டு ஊரையும் இரண்டு பக்கத்தில் அருகருகே வைத்தேன். ஒன்றில் அவர் சொன்ன தோட்டம், மற்றதில் எங்கள் எட்டுப் பரப்பு. சத்தியக்கடதாசிக்குக் கீறிய அதே படம்தான். வரைபடத்திலிருந்து ஒரு சனத்தை அழிப்பது எப்படி என்று காட்டமாக எழுதினேன். நூறு வருடத்துச் சண்டையை எழுநூறு சொல்லில் தீர்த்துவிடலாம் என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது. வகுப்பில் ஒரு பெண் சொன்னதை விட்டுவிட்டேன். அவள் யூதப் பெண். அவளுடைய அப்பாவின் குடும்பம் பக்தாதிலிருந்து ஆளுக்கொரு பெட்டியோடு துரத்தப்பட்டதாம், வேறு ஒரு நாடும் கதவு திறக்காதபோது இஸ்ரேல்தான் எடுத்ததாம். "எங்கள் வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று யாருமே கேட்பதில்லை" என்றாள். நல்ல கேள்வி என்று அன்றைக்கே தெரியும். அதைப் போட்டால் என் கட்டுரை நேராக ஓடாது. அதனால் விட்டேன்.

பங்குனி முதல் சனிக்கிழமை அப்பாவும் நானும் ஒறேஞ் லைன் மெத்ரோவில் லவாலுக்குப் போனோம். கிழக்கெல்லைக்காரரின் நிலவறையில் சங்கத்து மேசை, பிரிண்டர், போன வருடத்து மலர்க் கட்டுகள். என் இரண்டு பக்கமும் மேசையில் இருந்தன. சத்தியக்கடதாசி அதற்குக் கீழே இருந்தது.

"தம்பி, இது எங்கட ஊர் மலர். இதுக்குள்ள பாலஸ்தீனம் என்னத்துக்கு?"

"காணி பறிபோன சனத்தின்ர கதை, மாமா. எங்கட கதையும் அதுதானே."

"எங்கட கதை அதில்லை. பாலஸ்தீனர் எண்டு ஒரு இனம் எப்ப இருந்தது சொல்லு பாப்பம்? ஒரு நாடு இருந்ததோ? ஒரு ராசா இருந்தவரோ? எங்களுக்கு ராச்சியம் இருந்தது. அவை அரபு ஆக்கள். சுத்திவர இருவது நாடு கிடக்கு. போய் இருக்க வேண்டியதுதானே."

"கடலுக்கு அங்கால தமிழ்நாடு கிடக்கு, போங்கோவன் எண்டு எங்களுக்கும்தானே சொன்னவங்கள். அப்ப உங்களுக்குக் கோவம் வரேல்லையோ?"

படியில் தேத்தண்ணியோடு இறங்கி வந்த மாமி சிரித்துவிட்டார். "கேட்டான் பாருங்கோ பெடியன்."

"நீர் தேத்தண்ணியை வைச்சிட்டுப் போம்" என்றார் அவர். பிறகு என்னிடம் திரும்பினார். "யூதனும் அகதிதான், தெரியுமோ? ரெண்டாயிரம் வருசம் அடி வாங்கினவன். ஒருத்தனும் நிம்மதியா இருக்க விடேல்லை. கடைசியில அறுவது லட்சம் பேரைக் கொண்டு போய்க் கொளுத்தினாங்கள். அவன் திரும்பிப் போய்ச் செத்த மொழியை எழுப்பி ஒரு நாட்டை நிமித்தினவன். நாங்கள் படிக்க வேண்டியது வெண்டவனிட்டயோ, தோத்தவனிட்டயோ?"

"எங்களுக்கு மேல குண்டு போட்ட கிபிர் விமானத்தை ஆர் வித்தது, மாமா? இஸ்ரேல்தானே?"

அப்பா "டேய்" என்றார்.

கிழக்கெல்லைக்காரர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "என்ர கூடப்பிறந்தவன் கிபிரிலதான் செத்தவன். நீ எனக்குக் கிபிர் படிப்பிக்காத. சரி, வித்தவன் வித்தான். உன்ர பாலஸ்தீனத்துத் தலைவர்மார் என்ன செய்தவை? எங்களை அழிச்சவங்களோட கொழும்பில கை குலுக்கிப் படம் எடுத்தவை. எங்கட சனத்துக்காக ஒரு சொல்? ஒரு சொல்லைக் காட்டு, நான் உன்ர ரெண்டு பக்கத்தையும் முன்னட்டையில போடுறன்."

நான் அதைத் தேடியிருக்கிறேன். எழுதுவதற்கு முன்பே தேடினேன். காட்டுவதற்கு ஒன்றும் என்னிடம் இல்லை. அதையும் கட்டுரையில் விட்டிருந்தேன்.

"இதை எடு" என்றார். "ஞாயிறு வேண்டாம், சனம் வரும். அடுத்த சனி வாங்கோ. சத்தியம் வாங்கி முத்திரை குத்திற ஆளையும் நான் கூப்பிட்டு வைக்கிறன். ரெண்டு பக்கமும் மலரில இல்லையெண்டா எல்லாம் அண்டைக்கே முடியும்." அப்பாவைப் பார்த்து, "என்ன, சரிதானே?" என்றார். அப்பா தலையாட்டினார்.

மெத்ரோவில் அப்பா சொன்னார்: "எடுத்து விடு."

"ஏலாது."

"எட்டுப் பரப்படா. உன்ர ரெண்டு தாளை ஆர் வாசிக்கப் போகினம்? மலரில சனம் தங்கட படம் இருக்கோ எண்டுதான் பாக்கும்."

உண்மை. அதுவும் எனக்குக் கோபம் தந்தது.

திங்கட்கிழமை துணி அறையில், எனக்கு ஒரு தோள் தட்டல் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு, இரண்டு பக்கத்தையும் பாலஸ்தீனரிடம் காட்டினேன். தமிழ் எழுத்தை அவர் தடவிப் பார்த்தார். தன் தோட்டத்துப் படத்தைக் கண்டதும் முகம் மாறிவிட்டது.

"யாரைக் கேட்டு இதைப் போட்டாய்?"

"உங்களுக்காகத்தான்."

"நான் உன்னிடம் கேட்டேனா? என் அப்பாவின் கிணறு உன் கூட்டத்துப் புத்தகத்தில் எதற்கு?" கொஞ்ச நேரம் மடித்தோம். பிறகு, என்னைச் சமாதானப்படுத்த நினைத்திருக்க வேண்டும், "ஸ்ரீலங்கா நல்ல நாடு. உங்கள் அரசாங்கம் எப்போதும் எங்கள் பக்கம் நின்றது. எங்கள் ஆட்கள் மறக்கமாட்டார்கள்" என்றார்.

நான் என் இரண்டு மூலையையும் விட்டுவிட்டேன். விரிப்பு நிலத்தில் விழுந்தது. அந்த அரசாங்கம் எங்களை என்ன செய்தது என்று கத்திச் சொன்னேன். அம்மா எத்தனை இடத்தில் பதுங்குகுழி வெட்டினார், எந்தக் கடற்கரையில் என்னைத் தூக்கிக்கொண்டு நடந்தார், எல்லாம். பக்கத்து அறையிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"அது எனக்குத் தெரியாது" என்றார்.

"தெரியாமலே நன்றி சொல்வீர்களா?"

"நீ எல்லாம் தெரிந்துகொண்டா எழுதினாய்?"

விழுந்த விரிப்பை அவர் அழுக்குக் கூடைக்குள் போட்டார். பிறகு ஒரு முக்காலியில் இருந்து என் படத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். வானிலிருந்து எடுத்த படத்தின் மேல்தான் நான் கோடு கீறியிருந்தேன்.

"இது உங்களுடையது. இது?"

"கிழக்கு. லவாலில் இருக்கும் அந்த ஆளுடையது."

"இது?"

"தெற்கு. அதுவும் அவருடையது."

"ஒரே ஆளுடையதா? அப்படியென்றால் இரண்டுக்கும் நடுவில் ஏன் இவ்வளவு தடித்த வேலி?" அவருடைய விரல் நின்ற இடத்தில் பனை மரங்கள் ஒரே வரிசையாகக் கறுப்பாய்த் தெரிந்தன. நான் அந்தப் படத்தை நூறு தரம் பார்த்தவன். புவியியலில் நல்ல புள்ளி எடுப்பவன். அந்த வரிசையை எல்லை என்று காணவில்லை. "எங்கள் ஊரை நான் இப்படித்தான் கண்டுபிடித்தேன்" என்றார். "இப்போது வீடுகள் இருந்த இடத்தில் பைன் காடு, தோட்டங்கள் வேறு ஆட்களிடம். மேலேயிருந்து பார்த்தால் மரங்களுக்குக் கீழே பழைய மதில்கள் கோடாகத் தெரியும். அவருக்கு முன்னே அங்கே யார்?"

வீட்டுக்குப் போனபோது அப்பா அடுத்த நாள் வேலைக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தார். குளிர்ச் சட்டையைக் கழற்றாமலே கேட்டேன்.

"தெற்கெல்லையில முந்தி ஆர் இருந்தது?"

"முந்தி எண்டா?"

"ஆமிக்கு முந்தி."

"அவற்ர தம்பி. கிபிரில செத்தவன்."

"அவருக்கு முந்தி?"

அப்பா சோற்றுப் பெட்டியை மூடினார். திறந்தார். திரும்பவும் மூடினார். "காக்கா" என்றார்.

முஸ்லிம் ஆட்களை ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். சாவகச்சேரியில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தவராம். எங்கள் தெற்கே பத்துப் பரப்புத் தென்னை வாங்கி வேலி அடைத்து வைத்திருந்தாராம். பெருநாளைக்கு வட்டிலாப்பம் கொண்டு வருவாராம், அப்பப்பா தைப்பொங்கலுக்குப் புக்கை அனுப்புவாராம். தொண்ணூறில் எங்கள் ஆயுத இயக்கம் ஸ்பீக்கரில் அறிவித்தது. முஸ்லிம் ஆட்கள் எல்லாரும் வெளியேற வேண்டும். சில மணித்தியாலம்தான். கொண்டு போகக்கூடியது உடுப்பும் கொஞ்சக் காசும்.

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"என்ன செய்யிறது? இருவது வயசு. எங்கட வாசல் படலையடியில நிண்டு பாத்தனான். காக்கா போகேக்க, 'தம்பி, மாட்டைப் பாத்துக்கொள்' எண்டவர்."

"பாத்தனீங்களோ?"

"மாட்டை இயக்கம் கொண்டு போயிட்டுது. காணிக்குள்ள பிடுங்கின தேங்காய் குவிச்சுக் கிடந்தது. ரெண்டு நாள் ஒருத்தரும் தொடேல்லை. மூண்டாம் நாள் எல்லாரும் எடுத்தினம். நாங்களும் எடுத்தம். பேந்து அண்ணையின்ர தம்பி கொட்டில் போட்டான். ஆரும் ஒண்டும் கேக்கேல்லை."

"அப்ப ஏன் தெற்கும் அவற்ர எண்டு எழுதச் சொன்னனீங்கள்?"

"அவர்தானே கையெழுத்து வைக்கிறார்! எங்கட கடதாசியில தெற்கு தன்ர எண்டு இருந்தா அவருக்கு அது சாட்சி. அவற்ர கடதாசியில மேற்கு நாங்கள் எண்டு இருந்தா எங்களுக்குச் சாட்சி. அப்பிடித்தான் கதைச்சது. காக்கா வந்து வைப்பாரோ?"

அதற்குப் பிறகு நான் சொன்னவற்றை எழுதப்போவதில்லை. அப்பாவிடம் பிள்ளை சொல்லக்கூடாத வார்த்தைகள் அதில் இருந்தன. தங்கச்சி காதைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போனாள். அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "கத்தாத. நீ அண்டைக்கு அங்க இருந்திருந்தா நீயும் படலையடியிலதான் நிண்டிருப்பாய். எழுதினவன் நீ. ஆற்ற காணி எண்டு ஒரு தரம் கேட்டியோ?"

கேட்கவில்லை. வரைபடத்திலிருந்து சனத்தை அழிப்பதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியவன், அதே கிழமையில், அதே கணினியில், ஒரு மனிதரின் பத்துப் பரப்பை அழித்து இன்னொருவரின் பெயரை அடித்து, கீழே 'கீறியவர்' என்று தன் பெயரையும் போட்டிருக்கிறான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆயுதம் காட்டவில்லை. அப்பா வெங்காயம் உரித்துக்கொண்டு சொன்னார், நான் அடித்தேன். அவ்வளவு சுகமான வேலை அது.

அடுத்த மூன்று நாள் புதுப் படம் கீறினேன். பனை வரிசையை எல்லையாகப் போட்டேன். தெற்கே என்ற இடத்தில் அப்பாவிடம் காக்காவின் முழுப்பெயரைக் கேட்டு எழுதினேன். அப்பா பெயரைச் சொன்னார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை லவாலில் சத்தியம் வாங்குபவர் எங்களுக்கு முன்பே வந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் முதலில் சொன்னேன்: "மாமா, அந்த ரெண்டு பக்கத்தையும் எடுத்திட்டன்."

"பாத்தியே, படிச்ச பெடியனுக்குச் சொன்னா விளங்கும்."

"நீங்கள் சொன்னதுக்காக எடுக்கேல்லை. எழுத எனக்குத் தகுதி இல்லை எண்டு எடுத்தனான். இது புதுக் கடதாசி."

கண்ணாடியைப் போட்டு வாசித்தார். தெற்கு வரியில் நின்றார். அவருடைய காது சிவந்ததை நான் கண்டேன்.

"இது உன்ர பாலஸ்தீனத்தான் சொல்லித் தந்ததோ?"

"ஓம். அவர்தான் கண்டுபிடிச்சவர்."

"என்ர தம்பி அந்த மண்ணிலதான்ரா செத்தவன். பொறுக்கி எடுத்துப் பாயில சுத்தினது நான். அது ஆற்ற காணியடா? வித்துப்போட்டுக் காசோட போனவனின்ரயோ?"

"அவர் விக்கேல்லை மாமா. போகச் சொன்னது."

"முப்பத்தைஞ்சு வருசம்! புத்தளத்தில வீடு வாசலோட இருக்கினம். அவைக்கு அங்க இடமில்லையோ?"

"இருவது நாடு கிடக்கு எண்டு போன கிழமை சொன்னனீங்கள்."

சத்தியம் வாங்குபவர் வடையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். கிழக்கெல்லைக்காரர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். நான் முதலில் அனுப்பிய பழைய கடதாசி. அச்செடுத்து வைத்திருந்தார். அதை அப்பாவுக்கு முன்னால் தள்ளிப் பேனாவை மேலே வைத்தார்.

"பெடியனை விடு. காணி உன்ர. இதில நீ வை, நானும் வைக்கிறன், இவர் முத்திரை குத்துவார், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம். உன்னை இந்த நாட்டுக்குள்ள எடுக்க நான் எத்தினை நாள் அலைஞ்சனான்? யோசிச்சுப் பார்."

அப்பா பேனாவை எடுத்தார். சொல்ல வேண்டியதையெல்லாம் வீட்டில் கத்தி முடித்துவிட்டேன். அப்பா பேனாவைப் பிடித்தபடியே, "தெற்கை வாசி" என்றார். பழையதை வாசித்தேன். "மற்றதையும்." புதியதை வாசித்தேன். காக்காவின் பெயரை வாசித்தபோது அப்பாவின் உதடுகளும் கூடவே அசைந்தன.

பேனாவை மூடி வைத்தார். "அண்ணை," என்றார், "தேங்காய் நாங்களும்தான் எடுத்தனாங்கள்."

"என்னடா தேங்காய்?"

அப்பா எழும்பிப் படியேறினார். வாசலில் பனிச் சப்பாத்தைப் போட அவருக்கு வெகுநேரம் எடுத்தது. மாமி மட்டும் வந்து ஒரு பையில் வடை தந்தார்.

பெருமைப்பட வேண்டிய இடம் இது என்று யாராவது நினைக்கக்கூடும். அப்பா பெருமைப்படவில்லை. மெத்ரோவில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "எட்டுப் பரப்பும் போச்சு. சந்தோசமோ?" என்று ஒருமுறை கேட்டார். ஆற்றைத் தாண்டி மொன்றியல் தீவுக்குள் வந்து நாலைந்து நிலையம் போன பிறகு, "காக்கா இருந்தா வைச்சிருப்பார்" என்றார். என்னிடம் சொன்னாரா, கதவுக் கண்ணாடியிடம் சொன்னாரா தெரியாது.

நான் தேடத் தொடங்கினேன். சாவகச்சேரியில் அம்மாவின் ஒன்றுவிட்ட சகோதரி ஒருவர், அங்கே திரும்பி வந்து கடை போட்டிருக்கும் ஒரு முஸ்லிம் குடும்பம், அவர்கள் தந்த புத்தளத்து எண். ஐந்து நாள் எடுத்தது. காக்காவின் மகன் எடுத்தார். நான் யார் என்று சொன்னேன்.

"வாப்பா மௌத்தாகி ஆறு வருசம்" என்றார். "இப்பத்தான் எங்கட காணி ஞாபகம் வந்ததோ? கையெழுத்து ஒண்டு தேவைப்பட்டவுடனே?"

"ஓம்" என்றேன்.

"முப்பத்தைஞ்சு வருசம் ஒரு ஆள் ஒரு கடிதம் போட்டீங்களா? பெருநாளைக்கு ஒரு போன்? வாப்பா சாகும்வரைக்கும் உங்கட அப்பப்பாட பேர் சொல்லிட்டே இருந்தவர். உங்களுக்கு அநியாயம் நடந்தா உலகம் முழுக்கக் கொடி பிடிப்பீங்க. எங்களுக்கு நடந்ததை ஆரும் கதைச்சீங்களா?" நிறையச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டேன். கடைசியில், "படத்தை அனுப்புங்க. எங்கட இடத்தில ஆற்ற பேர் போட்டிருக்கீங்க எண்டு பாத்திட்டுச் சொல்றன்" என்று வைத்துவிட்டார்.

இரண்டையும் அனுப்பினேன். பழையதையும் புதியதையும். பழையதை மறைத்திருக்கலாம்.

அன்று பின்னேரம் துணி அறையில் பாலஸ்தீனரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் விரிப்பின் மூலைகளைப் பிடித்தபடி கேட்டார். "அவருடைய மகன் உன்மேல் கத்தினானா?"

"நன்றாகக் கத்தினார்."

"நல்லது. கத்துவதற்கு அவனுக்கு ஓர் ஆள் கிடைத்தான்" என்றார். "எங்கள் தோட்டத்தில் இப்போது இருப்பவன் யாரென்று எனக்குத் தெரியாது. அவனும் எங்கேயோ இருந்து துரத்தப்பட்டவனாக இருக்கலாம். இருக்கட்டும். எனக்கு ஒரு போன் வந்ததில்லை." பிறகு விரிப்பை இழுத்து உதறினார். வழக்கத்தைவிடப் பலமாக. என் கையிலிருந்த மூலைகள் கழன்று போகப் பார்த்தன.

பதில் அடுத்த நாள் காலையில் வந்தது. ஒரு சொல்கூட இல்லை. ஒரு புகைப்படம் மட்டும். மடிப்புகளில் கிழிந்து ஒட்டிய ஒரு பழைய உறுதி. சில மணித்தியாலத்தில் வீட்டை விட்டுப் போனபோது உடுப்புக்குள் மறைத்துக் கொண்டு போயிருக்கிறார்கள். எல்லைகள் எழுதிய இடத்தைப் பெரிதாக்கினேன். வடக்கே என்ற இடத்தில் எங்கள் அப்பப்பாவின் பெயர் இருந்தது. தகப்பன் பெயரோடு, பிழை இல்லாமல். முப்பத்தைந்து வருடமாக ஓர் அகதி வீட்டின் பெட்டிக்குள் எங்கள் காணிக்கு ஒரு சாட்சி இருந்திருக்கிறது. நாங்கள் அந்த மனிதரை இரண்டு நிமிடத்தில் அழித்திருந்தோம்.

அப்பாவிடம் தொலைபேசியைக் கொடுத்தேன். வாசித்துக் காட்டவா என்றேன். வேண்டாம் என்று கையால் காட்டினார். மூன்றாம் வகுப்புத் தமிழ். விரலை வைத்து, எழுத்தெழுத்தாக, வாய்க்குள் கூட்டிக் கூட்டி வாசித்தார். தன் தகப்பனின் பெயரில் விரல் நின்றது. வேலைக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டார்.

"போன் போடு" என்றார்.

"நான் கதைக்கிறன் அப்பா. அவர் கோவமா இருக்கிறார்."

"கோவமாத்தான் இருப்பான். நீ எதுக்கு? படலையடியில நிண்டது நான்."

எண்ணை அழுத்திக் கொடுத்தேன். அப்பா கதிரையிலிருந்து எழும்பி நின்றார். மறுபக்கம் யாரோ எடுத்து, யார் என்று கேட்டது எனக்கும் கேட்டது. அப்பா பெயரைச் சொல்லவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"தம்பி, நான் வடக்கெல்லை கதைக்கிறன்."